வீட்டுத் தோட்டமும் புல்தரையும்: மண் பார்ப்பதிலிருந்து கவாத்து வரை

நான் கொன்ற முதல் செடி ஒரு ரோஜா. தண்ணீர் ஊற்றாமல் கொல்லவில்லை, ஊற்றி ஊற்றியே கொன்றேன். இலை தொங்கியது, ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது, இன்னும் ஊற்றினேன். பத்தாம் நாள் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பேறி, விரலால் உருவியதும் தோல் கழன்று வந்தது. சாக்கடை வாடை வேறு. வேருக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். மண்ணின் இடுக்குகளில் எந்நேரமும் தண்ணீரே நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகும், அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். மேலே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வாட்டம்தான்.

வீட்டுத் தோட்டத்தில் நடக்கும் சேதம் பலவும் இந்த மாதிரிதான். கண் பார்ப்பதற்குள் கை முந்திக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் வரிசையாக வாருங்கள். ஏற்கனவே செடி வைத்திருப்பவர்கள் நேராகத் தண்ணீர்ப் பகுதிக்குப் போனாலும் சரி.

முதல் வாரம்: வெயிலும் தண்ணீரும் எங்கே போகின்றன

செடி வாங்குவதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் காலை 8 மணி, நண்பகல் 12, மாலை 4 என்று மூன்று முறை வெளியே போய், வெயில் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் படும் இடம் ரோஜா, செம்பருத்தி, மல்லிகை, காகிதப்பூ, புல்தரை ஆகியவற்றுக்கு. 3 முதல் 6 மணி நேரம் கிடைக்கும் இடத்தில் அரைநிழல் தாங்கும் செடிகளை வைக்கலாம். அதற்கும் குறைவென்றால் பெரணி, மணி பிளான்ட் போன்ற இலைச்செடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிழலில் பூச்செடி சாகாது. இலையாக விட்டுக்கொண்டே போகும், பூ மட்டும் வராது. பிறகு "உரம் போதவில்லை" என்று நினைத்து உரம் போடத் தொடங்குவோம்.

மேற்குச் சுவரை ஒட்டிய இடத்தைத் தனியாகக் குறியுங்கள். பிற்பகல் வெயிலில் சூடேறிய சுவர் இரவு வரை அனலடிக்கும். மெல்லிய இலையுள்ள செடி அங்கே கருகும்.

அடுத்து வடிகால். 30 செ.மீ ஆழத்தில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது முழுக்க வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சி வைத்து அளங்கள். 2.5 முதல் 5 செ.மீ வரை இறங்கினால் நல்ல மண். 2.5-க்கும் கீழே என்றால் தண்ணீர் தேங்கும் இடம். அங்கே மேட்டுப்பாத்தி போட்டுத்தான் நட வேண்டும். நிரப்பிய வேகத்திலேயே காணாமல் போனால் மணற்பாங்கு, அடிக்கடி நீர் கேட்கும்.

மண்ணைத் தெரிந்துகொள்வது

ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். நன்றாகக் குலுக்கி மேசை மேல் வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் உட்காருவது மணல். அதன்மேல் சில மணி நேரத்தில் படிவது வண்டல். கடைசியாக, ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு மெல்லிய படலமாக இறங்குவது களி. மேலே மிதக்கும் குப்பை மட்கு. எந்த அடுக்கு தடிமனோ அதுதான் உங்கள் மண்ணின் குணம். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுத்துவிடலாம், நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

மணலோ களியோ, இரண்டுக்கும் மருந்து ஒன்றே: நன்றாக மக்கிய உரம். 5 செ.மீ தடிமனுக்குப் பரப்பி, மேல் 15 முதல் 20 செ.மீ மண்ணோடு கலந்துவிடுங்கள். மணலில் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், களியில் காற்றுக்கு வழி திறக்கும். களிமண்ணை இளக்க மணல் கொட்டும் வழக்கம் பலரிடம் உண்டு. கொஞ்சம் மணல் சேர்ந்த களி காய்ந்தால் செங்கல் மாதிரி ஆகிவிடும், வேண்டாம். ஈரமான களிமண்ணைக் கொத்துவதும் மிதிப்பதும் கூடாது. கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். அதுதான் கொத்துகிற பதம்.

மண்ணின் கார அமிலத் தன்மை (pH அளவு) 6 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். வெட்சி, ஹைட்ரேஞ்சியா போன்றவை சற்று அமில மண்ணை விரும்பும். காரம் மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அப்போது கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

நடவு

மாலை வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். வரிசை இப்படி:

1. நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொட்டியில் இருக்கும் செடிக்கு நீர் விடுங்கள். மண்கட்டி உடையாமல் வரும்.
2. குழியின் அகலம் மண்கட்டியைப் போல இரண்டு மடங்கு, ஆழம் அதே அளவு. ஆழமாகத் தோண்டி இளக்கினால் பிறகு மண் அமுங்கி, செடி உள்ளே இறங்கிவிடும்.
3. கட்டியைச் சுற்றி வேர் வட்டமாகப் பின்னிக்கொண்டிருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள். பிரிக்க முடியாத அளவு இறுகியிருந்தால் பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் கத்தியால் லேசாகக் கீறுங்கள். மனம் வராதுதான், ஆனால் விட்டுவிட்டால் நிலத்துக்கு வந்த பின்னும் அந்த வேர் வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.
4. தொட்டியில் மண் எதுவரை இருந்ததோ அதே மட்டத்தில் நிறுத்தி மண்ணைத் தள்ளுங்கள். தண்டை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம்.
5. காலால் மிதிக்காமல் தண்ணீர் விட்டே மண்ணை அமர்த்துங்கள். பள்ளம் விழுந்த இடத்தில் மேலும் மண் போடுங்கள்.

நட்ட கையோடு ரசாயன உரம் போடாதீர்கள். வேர் பிடித்து, புதுக் கொழுந்து வரும் வரை அதற்கு வேண்டியது சீரான ஈரம் மட்டும்.

நட்டதும் மூடாக்கு. காய்ந்த இலை, வைக்கோல், மரச்சீவல் எது கிடைத்தாலும் 5 முதல் 7 செ.மீ தடிமன். வெயிலில் மண் காயாது, களை முளைக்காது, மெல்ல மக்கி உரமும் ஆகும். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டுப் போடுங்கள். தண்டோடு சேர்த்து எரிமலை மாதிரி குவித்தால் பட்டை எப்போதும் ஈரமாக இருந்து அழுகத் தொடங்கும்.

தண்ணீர்

ஒரு நாளைக்கு எத்தனை முறை ஊற்றுவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. மண், வெயில், காற்று, தொட்டியின் அளவு எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது அது. உங்கள் ஆள்காட்டி விரல் சொல்லும். இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். நுனி ஈரமாக, குளிர்ச்சியாக உணர்ந்தால் பூவாளியைக் கீழே வையுங்கள். மேல் மண் வெளுத்துக் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது காற்றுப் பட்டாலே காய்ந்துவிடும். விரல் நுனிக்கு வறண்ட தூள் தட்டுப்பட்டால் ஊற்றுங்கள்.

ஊற்றும்போது நன்றாக ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் ஈரத்தைத் தேடி மேலேயே படரும். ஒரு நாள் வெயில் ஏறினால் முதலில் வாடுவது அந்தச் செடிதான். வேரின் ஆழம் வரை நனையும்படி விட்டு, மேல் மண் காயும் வரை காத்திருந்தால் வேர் கீழே போகும். நிலத்துச் செடிக்கு ரப்பர் குழாயைத் தண்டுக்குப் பக்கத்தில் வைத்து, தண்ணீர் மெல்ல ஊறும்படி சன்னமாகத் திறந்துவிடுவதுதான் நல்ல முறை. வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது வெந்நீர் என்பதை மறந்துவிடாதீர்கள். தொட்டுப் பார்த்து, சூடு போன பிறகு செடிப் பக்கம் திருப்புங்கள்.

நேரம் அதிகாலை. இலை நனைந்தாலும் வெயில் ஏறக் காய்ந்துவிடும். இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். நண்பகலில் ஊற்றினால் துளிகள் பூதக்கண்ணாடி மாதிரி இலையைப் பொசுக்கும் என்பார்கள். வழவழப்பான இலையில் அப்படி நடப்பதில்லை. பகலில் ஊற்றினால் நிறைய நீர் ஆவியாகப் போகும், அவ்வளவுதான் நஷ்டம். வாடித் துவண்ட செடிக்கு நண்பகல் என்று பார்க்காமல் ஊற்றலாம்.

ஆனால் எல்லா வாட்டமும் தாகம் இல்லை. பூசணி, ஹைட்ரேஞ்சியா போன்ற அகன்ற இலைச் செடிகள் உச்சி வெயிலில் குடை மடக்கியது போலத் தொங்கும். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலையிலிருந்து நீர் போகும் வேகம் அதிகம், அதனால் வரும் தற்காலிக வாட்டம் அது. மாலையில் தானாக நிமிர்ந்தால் விட்டுவிடுங்கள். காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் விஷயம் இருக்கிறது. அப்போது விரல் வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர், சேறாக இருந்தால் என் ரோஜாவின் கதை, நீரை நிறுத்தி வடிகாலைச் சரிசெய்ய வேண்டும்.

தொட்டிச் செடிக்கு அடியில் இருக்கும் துளை வழியாக நீர் வெளியே வரும் வரை ஊற்றுங்கள், பிறகு தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் வடியும் என்ற நம்பிக்கை தவறு. மண்ணும் கல்லும் சேரும் இடத்தில் நீர் தங்கி நிற்கும். ஈரம் நிற்கும் மட்டம் கல்லின் உயரத்துக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் கிட்டத்தில் வந்துவிடும். துளையை மூட ஒரு ஓட்டுச்சில்லோ வலைத்துண்டோ போதும்.

புல்தரை

ஒரு வேலை மட்டும் ஒழுங்காகச் செய்ய நேரம் இருக்கிறது என்றால், வெட்டுவதை ஒழுங்காகச் செய்யுங்கள். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. இலைதான் புல்லுக்குச் சாப்பாடு தயாரிக்கிறது. மொத்தமாக வழித்துவிட்டால் வேரில் சேமித்ததைச் செலவழித்துத்தான் அது மறுபடி தளிர்க்க வேண்டும், வேர் சுருங்கும், வெயில் தரையைத் தொட்டதும் களை விதைகள் முளைத்துவிடும். ஒருமுறை வீட்டில் விசேஷம் என்று அரை அடி வளர்ந்திருந்த புல்லை ஒரே மூச்சில் ஒட்ட வெட்டினேன். விருந்தினர் வந்தபோது மஞ்சள் வைக்கோல் விரித்த மாதிரி இருந்தது. பச்சை திரும்ப ஐந்து வாரம் ஆயிற்று, அதுவும் பாதிக்குப் பாதி களையோடு.

அருகு வகைப் புல்லை 2.5 முதல் 4 செ.மீ உயரத்தில் வைக்கலாம். அகன்ற இலை கொண்ட வகைகளுக்கு 6 முதல் 10 செ.மீ வேண்டும். வெயில் காலத்திலும் மர நிழலிலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாக விடுங்கள். ஈரப் புல்லை வெட்டாதீர்கள். பிளேடு கூராக இருக்கிறதா என்பதைப் புல்லே சொல்லும்: வெட்டிய மறுநாள் குனிந்து ஒரு இலையைப் பாருங்கள். நுனி நேர்க்கோடாக இருந்தால் சரி. நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. தூரத்திலிருந்து தரை முழுக்கச் சாம்பல் பூத்தது போலத் தெரிவதும் இதனால்தான்.

புல்வெட்டும் இயந்திரத்தை இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் 1830-இல் கண்டுபிடித்தார். ஆலையில் கம்பளித் துணியின் மேல் துளிர்த்து நிற்கும் பிசிறைச் சீராக்கும் கருவியைப் பார்த்து வந்த யோசனை. அதற்கு முன் அரிவாள்தான், ஆடுதான்.

வெட்டிய புல்லை அள்ளாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு விதிப்படி வெட்டினால் துண்டுகள் சிறியவையாக இருக்கும், உள்ளே விழுந்து சில நாளில் மக்கித் தழைச்சத்தை (நைட்ரஜனை) திருப்பிக் கொடுக்கும். கட்டி கட்டியாகக் கிடந்தால் மட்டும் வாரிவிடுங்கள்.

தண்ணீர் எப்போது? புல்லின் மேல் நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். மிதித்த புல் உடனே எழுந்துகொண்டால் தேவையில்லை. உங்கள் பாதத் தடம் அப்படியே அமுங்கிக் கிடந்தால், பச்சையில் ஒரு நீலச் சாம்பல் சாயல் தெரிந்தால், அன்று விட வேண்டும். வெயில் காலத்தில் வாரத்துக்கு மழையும் சேர்த்துச் சுமார் 25 மி.மீ போதும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ என்பது 1 லிட்டர். ஆக 10 சதுர மீட்டர் புல்தரைக்கு வாரம் 250 லிட்டர். ஸ்பிரிங்ளர் வைத்திருப்பவர்கள் அங்கங்கே நான்கைந்து தட்டையான டப்பாக்களை வைத்து, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு நிறைகிறது என்று ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள். ஒரு மூலையில் நிரம்பி வழியும், இன்னொரு மூலையில் அடி கூட நனைந்திருக்காது.

நடந்து நடந்து இறுகிப்போன தரையில் முட்கரண்டி மண்வாரியை 7 முதல் 10 செ.மீ ஆழம் குத்தி, லேசாக ஆட்டி எடுங்கள். சாண் இடைவெளியில் துளைகள் போதும். பிறகு சலித்த மட்கை அரை செ.மீ தடிமனுக்குத் தூவித் துடைப்பத்தால் துளைக்குள் தள்ளிவிடுங்கள். புல் நன்றாக வளரும் பருவத்தில் செய்ய வேண்டிய வேலை இது.

சில சில்லறைப் பிரச்சினைகள். திடீரென்று காளான் முளைத்தால் பயப்பட வேண்டாம், அடியில் பழைய வேரோ கட்டையோ மக்குகிறது. வட்டமாக மஞ்சள் விழுந்து ஓரம் மட்டும் கரும்பச்சையாகச் செழித்திருந்தால் நாயின் வேலை. அந்தச் சிறுநீரில் தழைச்சத்து அளவுக்கு மீறி இருக்கும், உடனே நிறையத் தண்ணீர் விட்டால் தப்பிக்கலாம். மரத்தடியில் வருடா வருடம் புல் செத்தால் அங்கே புல்லை மறந்துவிட்டு, நிழல் தாங்கும் தரைபடர் செடியோ மூடாக்கோ போடுங்கள்.

உரம்: எந்த இலை மஞ்சள்?

உரப் பொட்டலத்தில் 10-10-10 போல மூன்று எண்கள் இருக்கும். முறையே தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்). முதலாவது இலைக்கு. இரண்டாவது வேருக்கும் பூவுக்கும். மூன்றாவது செடியின் மொத்தத் தெம்புக்கு.

எது குறைகிறது என்று ஊகிக்க, மஞ்சளாவது பழைய இலையா புது இலையா என்று பாருங்கள். தழைச்சத்தைச் செடியால் பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்ப முடியும். அதனால் குறைபாடு முதலில் கீழ் இலையில் தெரியும், முழு இலையும் வெளிறும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது, அதனால் கொழுந்தில் தெரியும். கீழ் இலைகளின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல்சத்து. இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் விரலை மண்ணில் விட்டுவிடுங்கள், ஏனென்றால் ஈரம் கூடினாலும் இலை மஞ்சளாகும்.

காய்ந்த மண்ணில் ரசாயன உரம் போடக் கூடாது. உப்பு வேரிலிருந்தே நீரை இழுத்துவிடும், இலை ஓரம் தீய்ந்துபோகும். முந்தின நாள் நீர் விட்டு, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி போட்டு, மறுபடி நீர் விடுங்கள். தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு இருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். நிறையத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசி வடியுங்கள்.

மட்கு வீட்டிலேயே செய்யலாம். காய்ந்த இலை மூன்று பங்கு, காய்கறித் தோல், வெட்டிய புல் போன்ற பச்சைக் கழிவு ஒரு பங்கு. பிழிந்த துணி அளவு ஈரம். வாரம் ஒருமுறை கிளறுங்கள். நாற்றமடித்தால் காய்ந்த இலை போதவில்லை. கறுத்து, உதிர்ந்து, மழை மண் வாசனை வந்தால் தயார்.

கவாத்து

செடியை வெட்டப் பயப்படுகிறவர்கள் காய்ந்தது, நோய் வந்தது, முறிந்தது இந்த மூன்றை மட்டும் வெட்டுங்கள். அதை எந்த நாளும் செய்யலாம். உயிர் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் உருவத்துக்கான வெட்டு. கிளை நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இருக்கும் மொட்டுகளைத் தூங்கவைக்கும். நுனியைக் கிள்ளினால் அவை விழித்துக்கொண்டு பக்கக்கிளை விடும். ஒல்லியாக நெடுநெடுவென்று போகும் செடி புதராகும். வெளிப்புறம் பார்த்த ஒரு கணுவைத் தேர்ந்தெடுத்து, அதற்கு அரை செ.மீ மேலே வெட்டுங்கள். உள்பக்கக் கணுவில் வெட்டினால் கிளை நடுவில் போய்ச் சிக்கி, காற்றோட்டத்தை அடைக்கும்.

பூச்செடியில் காலம் முக்கியம். செம்பருத்தி புதுக்கிளையில் பூக்கும், ஆகவே வளர்ச்சி தொடங்கும் முன் வெட்டலாம். சென்ற பருவத்துக் கிளையில் பூப்பவற்றைப் பூ முடிந்த கையோடு வெட்ட வேண்டும். தாமதித்தால் அடுத்த பூவையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். நோயுற்ற செடியை வெட்டிய கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொட வேண்டும்.

களையும் பூச்சியும்

களையைத் தண்ணீர் விட்ட மறுநாள் பிடுங்குங்கள், வேரோடு வரும். பூ விடுவதற்குள் எடுத்தால் பாதி வேலை மிச்சம். கோரை மட்டும் வேறு ஜாதி. இழுத்தால் இலை கையோடு வந்துவிடும், ஜெயித்துவிட்டோம் என்று நினைப்போம். சிறு களைக்கொத்தியால் அந்த இடத்தைக் கிளறிப் பாருங்கள்: கறுப்பாக, கொட்டை மாதிரி ஒரு கிழங்கு, அதிலிருந்து கம்பி போன்ற மெல்லிய தண்டு, அதன் முனையில் இன்னொரு கிழங்கு, அங்கிருந்து அடுத்தது. கயிற்றைத் தொடர்வது போலத் தொடர்ந்து எடுக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இரண்டு வாரத்தில் தலை நீட்டும். நீட்டியதும் சலிக்காமல் மறுபடி தோண்டுங்கள்.

பூச்சிக்கு மருந்து அடிப்பதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். கொழுந்தில் கூட்டமாக ஒட்டியிருப்பது அசுவினி. அழுத்தமான தண்ணீர்ப் பீச்சலிலேயே பாதி போய்விடும். இலைக்காம்பில் பஞ்சு போல இருப்பது மாவுப்பூச்சி. ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். இலையெங்கும் ஊசி குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள் இருந்தால் வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள், தாளில் நகரும் தூசிதான் செஞ்சிலந்தி. தண்டில் எறும்பு வரிசை ஏறுகிறதா? அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்புநீருக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கிறது. எறும்பைத் தடுக்காமல் பூச்சியை ஒழிக்க முடியாது.

மருந்து வேண்டுமென்றால் ஒரு லிட்டர் நீரில் 2 மி.லி திரவ சோப்பைக் கலந்து, பிறகு 5 மி.லி வேப்பெண்ணெய் சேர்த்துக் குலுக்குங்கள். முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து ஒரு நாள் பாருங்கள். தேனீக்கள் திரும்பிய பின், மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். பொறிவண்டும் அதன் புழுவும் தென்பட்டால் அடிக்காதீர்கள். அந்தப் புழு கறுப்பாக, முள்ளு முள்ளாக, குட்டி முதலை மாதிரி இருக்கும். பார்த்தவுடன் நசுக்கத் தோன்றும். அசுவினியைத் தின்பதில் அதுதான் முதல் ஆள்.

ஊருக்குப் போகும்போது

புறப்படும் முந்தின மாலை எல்லாச் செடிக்கும் ஆழமாக நீர் விடுங்கள். தொட்டிகளை நிழலுக்கு நகர்த்தி நெருக்கமாக வையுங்கள், ஒன்றின் ஈரம் மற்றொன்றுக்கு உதவும். மூடாக்கைத் தடிப்பாக்குங்கள். உரம் போடவோ பெரிய கவாத்து செய்யவோ இது நேரமில்லை. ஒரு வாரம் என்றால் பெரும்பாலான தொட்டிகள் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் என்றால் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். "தினமும் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து நான் திரும்பியபோது, ஒவ்வொரு தட்டிலும் தண்ணீர் தளும்பி நின்றது. சாவி கொடுக்கும்போதே ஒரு தொட்டிக்கு அழைத்துப் போய், அவர்கள் விரலை மண்ணுக்குள் விடச் சொல்லி, இப்படிக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள் என்று காட்டிவிட்டுப் போங்கள்.